வெடித்த புளொக்கைத் தைத்துத் தந்த சம்மாந்துறைப் பட்டறை

என்னுடைய 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சின் புளொக்கில், அதாவது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலில், விழுந்திருந்த வெடிப்பை, சம்மாந்துறையில் வயற்பக்கத்து வீதியொன்றில் இருக்கும் ஒரு சிறிய பட்டறையில், நெருப்பே காட்டாமல் திருகுகளால் தைத்துச் சரிசெய்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் அது நன்றி சொல்லும் கடிதமாகவே இருந்திருக்கும் என்பதால், சித்திரை வெயிலிலும் கச்சான் காற்றின் வெக்கையிலும் காரை ஓட்டி, புளொக்கின் அந்தப் பக்கத்தை வாரந்தோறும் விளக்குப் பிடித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய கார்களை வைத்துக் காப்பாற்றி வருகிறவர்களில் பலர், வெடித்த புளொக் என்றால் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று அதை நடத்துகிறவர் கேட்டுக்கொண்டார். வந்து கிடக்கும் வேலையையே சொன்ன நாளில் முடித்துக் கொடுக்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். பழைய உழவு இயந்திரத்தின் புளொக்கைத் தைக்கிறவர் யார் என்று அங்குள்ள அரிசி ஆலைக்காரர்களிடம் விசாரித்தால் வழி சொல்லுவார்கள். நானும் அப்படி விசாரித்துத்தான் போனேன்.

இந்தக் கார் 1971இல் என் தந்தையார் வாங்கியது. 1978 நவம்பர் சூறாவளியில் கராஜின் கூரை அதன்மேல் விழுந்தும் முன் கண்ணாடி ஒன்றைத் தவிர வேறு சேதமில்லாமல் தப்பியது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டியது. அதன் எஞ்சினுடைய ஏ சீரிஸ் குடும்பம் பின்னாளில் மினி கார்களில் 2000ஆம் ஆண்டு வரை ஓடியது. ஆகையால் பெயாரிங், பிஸ்டன் றிங், கஸ்கெட் முதலானவற்றை இன்றும் தேடிப் பிடிக்கலாம். ஆனால் 1956 முதல் 1962 வரை மைனரில் பொருத்தப்பட்ட 948 சிசி புளொக், நல்ல நிலையில், இலங்கையில் அகப்படுவது மிகவும் அரிது. இன்னொரு எஞ்சினை வைத்து ஓட்டலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிந்து அனுமதி பெற வேண்டும். அந்த அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தந்தையார் ஓட்டிய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றை அந்த இடத்தில் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

வெடிப்பு விழுந்ததற்கு நானே பொறுப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு நண்பகலில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஓந்தாச்சிமடத்துக்கு அருகில் பொனட்டின் ஓரங்களால் ஆவி கிளம்பியது. மைனர் 1000 காரில் வெப்பமானி கிடையாது. பெற்றோல் அளவு காட்டும் முள்ளும், எண்ணெய்க்கும் மின்னேற்றத்துக்கும் எச்சரிக்கை விளக்குகளும் மாத்திரமே உண்டு. எஞ்சின் சூடேறுவது ஆவி வந்த பிறகே ஓட்டுகிறவருக்குத் தெரியும். நான் பதற்றத்தில் பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் வாங்கி றேடியேற்றருக்குள் ஊற்றினேன். கொதித்துக்கொண்டிருந்த வார்ப்பிரும்பின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்க, மறுபக்கம் விரிந்தபடியே நிற்க, இடையில் இருந்த மெல்லிய சுவர் பிளந்துவிட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் பார்த்தபோது சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கத்தில், வெல்ஷ் பிளக் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே, துருநிறத்தில் ஒரு கோடு ஈரமாக இருந்தது.

ஆனால் அந்த ஒரு வாளித் தண்ணீர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பிற்பாடு வெல்ஷ் பிளக்குகளைத் தட்டிக் கழற்றியபோது, புளொக்குக்குள் தண்ணீர் சுற்றும் பாதையின் அடிப்பகுதியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செங்கல்மண் போல இறுகிய துருச்சேறு இருந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எங்கள் மணற்பாங்கான ஊர்களில் பல கிணறுகளின் தண்ணீர் உவர். அதையே ஆண்டுக்கணக்கில் றேடியேற்றருக்கு ஊற்றிவந்தோம். சேறு படிந்த இடத்தில் தண்ணீர் சுற்றாது, தண்ணீர் சுற்றாத இடத்தில் இரும்பு அளவுக்கு மிஞ்சிச் சுடும், அளவுக்கு மிஞ்சிச் சுட்ட இடமே முதலில் வெடிக்கும். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்து புளொக் வெடிக்கிறது என்று படித்திருக்கிறேன். நம் பக்கத்தில் உப்பும் துருவும் அந்த வேலையைச் செய்கின்றன.

சம்மாந்துறைக்குப் போவதற்கு முன் இரண்டு இடங்களில் பணத்தையும் காலத்தையும் இழந்தேன். அவற்றின் பெயர் இங்கே தேவையில்லை. நடந்ததைச் சொல்வது மற்றவர்களுக்கு உதவும். முதலில் ஒரு உதிரிப்பாகக் கடையில், றேடியேற்றருக்குள் ஊற்றினால் ஒழுக்கு தானாக அடையும் என்று ஒரு போத்தலைத் தந்தார்கள். ஒழுக்கு இரண்டு வாரம் நின்றது. மூன்றாம் வாரம் றேடியேற்றரின் குழாய்களில் பாதி அடைபட்டு, கார் முன்பிலும் பார்க்கச் சூடேறியது. அதன்பின் ஒரு வெல்டிங் கடையில், எஞ்சினைக் கழற்றாமலேயே, சாதாரண உருக்குக் குச்சியால் வெடிப்பின்மேல் நாலு சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஆர்க் வெல்டிங் வைத்தார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆற விட்டு அரை மணி நேரத்தில், ஒட்டுக்கு ஒரு நூல் தள்ளி, ஒட்டுக்குச் சமாந்தரமாக, ‘டிக்’ என்று சின்னச் சத்தத்துடன் புதிதாக ஒரு வெடிப்பு ஓடியது.

அது ஏன் நடந்தது என்பதைப் பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சாதாரண மென்னுருக்கில் கரி கால் வீதத்துக்கு மேல் இராது. புளொக் வார்க்கும் சாம்பல் வார்ப்பிரும்பிலோ இரண்டரை முதல் நான்கு வீதம் வரை கரி இருக்கிறது. அந்தக் கரியில் பெரும்பங்கு, போகலைச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கிறார்களே, அதே பென்சிற்கரியாக, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய செதில்களாய் இரும்புக்குள் பரவிக் கிடக்கிறது. அதனால்தான் வார்ப்பிரும்பைக் கடைவது எளிது. அதனால்தான் அது வளையாமல் உடைகிறது. வெல்டிங் நெருப்பு ஒரு கோட்டில் மட்டும் இரும்பை உருக்கும்போது, சுற்றியுள்ள குளிர்ந்த பெரிய உடல் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ள, உருகிய இடமும் அதன் ஓரமும் மிக வேகமாக ஆறுகின்றன. செதிலாகப் பிரிவதற்கு அவகாசம் கிடைக்காத கரி இரும்போடு சேர்ந்து காபைட்டாக மாறி, அந்த ஓரம் கண்ணாடி போல் கடினமான, நொறுங்கும் வெள்ளை இரும்பாகிவிடுகிறது. ஆறும் ஒட்டு சுருங்கி இழுக்கும்போது, வளைந்து கொடுக்கத் தெரியாத அந்த ஓரம் பிளக்கிறது. வெல்டிங் செய்தவர் கெட்டிக்காரரா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. எஞ்சின் காருக்குள் இருக்கும்போதே அந்தக் குச்சியை அதில் வைத்தது தவறு.

சம்மாந்துறைப் பட்டறை, தகரக் கூரையிட்ட நீண்ட கொட்டில். வாசலில் வரிசையாக உழவு இயந்திரப் புளொக்குகளும் அவற்றை மேலே மூடும் ஹெட்டுகளும், ஒரு மூலையில் அரிசி ஆலையொன்றின் பழைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் பறக்கும் சக்கரமும் கிடந்தன. உள்ளே ஒரு பழைய கடைசல் இயந்திரம், நிலைத் துளைகருவி ஒன்று, சுவரோரமாக மரை வெட்டும் டப்புகள் அளவுவாரியாகச் செருகிய மரப்பலகை. அந்தப் பலகைதான் எனக்கு முதலில் நம்பிக்கை தந்தது. ஒவ்வொரு டப்பின் கீழும் அதற்குரிய துளையின் அளவு வெள்ளைப் பெயின்ரால் எழுதப்பட்டிருந்தது. நடத்துகிறவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய மருமகன் கூட நின்று வேலை செய்கிறார்.

முதல் நாள் அவர் எதையும் செய்ய ஒப்புக்கொள்ளவில்லை. “வெடிப்பு எங்க முடியிது எண்டு தெரியாம கை வெக்கேலா தம்பி. கழுவிப் போட்டு வெச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க” என்றார். மறுநாள் நான் போனபோது அந்தப் பக்கத்துப் பெயின்ரும் துருவும் கம்பித் தூரிகையால் சுரண்டப்பட்டு இரும்பு சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அவர் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அந்த இடத்தை நன்றாக நனைத்து, கால் மணி நேரம் ஊற விட்டு, பிறகு உலர்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடைத்தார். அதன்மேல் பள்ளிக்கூடத்துச் சோக்கைப் பொடியாக்கி விரலால் பூசினார். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியின்மேல், வெடிப்புக்குள் ஊறியிருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கரிய கோடு எழும்பி வந்தது. என் கண்ணுக்கு அதுவரை ஒன்பது சென்ரிமீற்றராகத் தெரிந்த வெடிப்பு, பதினான்கு சென்ரிமீற்றராக நின்றது. ஒரு முனை கீழ்நோக்கி வளைந்து வெல்ஷ் பிளக் துளையின் விளிம்பருகே போய் முடிந்தது. பழைய வெல்டிங்கின் ஓரத்தில் ஓடிய இரண்டாவது கோடும் தெளிவாகத் தெரிந்தது. சிவப்புச் சாயம் தெளித்துப் பார்க்கும் புதிய முறையும் அவரிடம் உண்டு, ஆனால் அந்த டப்பாக்கள் விலை கூடியவை என்பதால், சோக்குப் பொடியில் ஐயம் வந்தால் மட்டுமே எடுப்பதாகச் சொன்னார். கூம்பிய கரிக்கட்டித் துண்டால் இரு முனைகளிலும் சிறிய வட்டம் போட்டபோது அவர் அரை நிமிடத்துக்கு மேல் மூச்சுக்கூட விடாமல் குனிந்திருந்தார்.

அதன் பிறகுதான் என்னை உட்காரவைத்து, செய்யக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். புளொக் முழுவதையும் அடுப்பில் வைத்துச் சில நூறு பாகை வரை சூடாக்கி, நிக்கல் குச்சியால் விரல் நீளத்துக்கும் குறைவான சிறு துண்டுகளாக ஒட்டி, ஒவ்வொரு துண்டையும் சூடாக இருக்கும்போதே சுத்தியலால் தட்டித் தளர்த்தி, பிறகு சாம்பலுக்குள் புதைத்து ஒரு நாள் முழுக்க ஆற விடுவது ஒரு வழி. அதைச் செய்தால் சிலிண்டர்களும் ஹெட் உட்காரும் முகமும் கோணிப்போகும், மீண்டும் கடைய வேண்டிவரும். பித்தளைக் குச்சியால் கேஸ் நெருப்பில் ஒட்டுவது இரண்டாவது வழி; அதற்கும் சூடு வேண்டும், அதோடு ஆண்டுக்கணக்கில் துருவும் எண்ணெயும் ஊறிய இரும்பில் பித்தளை பிடிக்காது என்றார். மூன்றாவது வழி தைப்பது. 1930களில் அமெரிக்க எண்ணெய் வயல்களில், நெருப்பு வைக்க அஞ்சிய இடங்களில் வார்ப்பிரும்பைப் பழுதுபார்க்கப் பழக்கத்துக்கு வந்த முறை இது என்பதை நான் முன்பே படித்திருந்தேன். அவர் அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை; இளமையில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் எஞ்சின் பழுதுபார்க்கும் இடத்தில் வேலைசெய்தபோது கையால் கற்றுக்கொண்டிருக்கிறார்.

தைக்கும் வேலையை நான் இரண்டு நாட்கள் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் வெடிப்பின் இரு முனைகளிலும், கோடு முடிந்த இடத்துக்குச் சற்று அப்பால், மூன்று மில்லிமீற்றர் துளை ஒவ்வொன்று போட்டார். வெடிப்பின் கூரிய முனையை ஒரு வட்டத்தில் முடித்துவிட்டால் அது மேலே ஓடாது. பிறகு கோட்டின்மேலேயே ஐந்து மில்லிமீற்றர் துளை போட்டு, அதில் ஆறு மில்லிமீற்றர் மரை வெட்டி, மென்னிரும்புக் கம்பியில் தாமே மரை வெட்டி வைத்திருந்த திருகை மரைப் பசை தடவி உள்ளே இறக்கி, மேலே சற்றுத் துருத்தும்படி அறுத்துவிட்டார். அடுத்த துளை அந்தத் திருகின் விளிம்பைச் சிறிது கடித்துக்கொண்டு விழுந்தது. அப்படி ஒவ்வொரு திருகும் தனக்கு முந்தியதைச் சிறிது தின்று நிற்பதால், வரிசை முடியும்போது எந்தத் திருகும் தனியாகக் கழன்று வர முடியாது. சங்கிலிபோல் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. பதினான்கு சென்ரிமீற்றருக்கு முப்பத்தொரு திருகுகள் சென்றன. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

இந்த வேலையில் கைப்பக்குவம் எங்கே இருக்கிறது என்பது அவர் திருகை இறுக்கும்போது தெரிந்தது. தண்ணீர்ச் சுவர் அந்த இடத்தில் ஐந்து மில்லிமீற்றர் அளவு தடிப்பே உள்ளது. ஐந்து புரி மரையில் திருகு நிற்க வேண்டும். அளவுக்கு மேல் முறுக்கினால் திருகு ஆப்புப் போல வேலை செய்து வெடிப்பை அகட்டிவிடும். குறைத்து முறுக்கினால் தண்ணீர் கசியும். அவர் நீளக் கைப்பிடியுள்ள சாவியைப் பிடிக்கவே இல்லை. இரண்டு விரலால் பிடிக்கும் சிறு பிடியால், கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரை மட்டும் திருகி விட்டுவிட்டார். மருமகன் ஒரு திருகைச் சற்றுக் கூடுதலாக முறுக்கியபோது, பேசாமல் அதைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்.

பழைய வெல்டிங் இருந்த நாலு சென்ரிமீற்றர்தான் பெரும் பாடு. அங்கே வெள்ளை இரும்பான ஓரத்தில் சாதாரணத் துளையலகு வழுக்கிச் சுழன்றது. இரண்டு அலகுகள் மழுங்கின, ஒரு டப் முறிந்து உள்ளேயே நின்றது. அரைகல்லால் ஒட்டைத் தேய்த்து எடுத்து, காபைட் முனை அலகால் சொட்டுச் சொட்டாகத் துளைத்து, அந்தச் சிறு துண்டுக்கே ஒரு பகல் போயிற்று. “அந்த ஒட்டு வெக்காம அப்பிடியே கொண்டு வந்திருந்தா அரை நாள் வேலை தம்பி” என்று மட்டும் சொன்னார். வெல்டிங் செய்தவரைக் குறைசொல்லி ஒரு சொல்லும் பேசவில்லை. சுவர் தடித்திருந்த இரண்டு இடங்களில் வெடிப்புக்குக் குறுக்காக, வரிசையாய்த் தொடுத்த வட்டங்களின் வடிவில் குழி அமைத்து, அதே வடிவில் அறுத்த இரும்புப் பூட்டுகளை அடித்து இறக்கினார். திருகுகள் தண்ணீரை மறிக்கின்றன. வெடிப்பின் இரு கரைகளையும் பிரியவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இந்தப் பூட்டுகள். கடைசியில் உருண்டை முனைச் சுத்தியலால் திருகுத் தலைகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டி விரித்து, அரம் போட்டு மட்டமாக்கினார். அரம் ஓடிய பின் அந்த இடம், மீன் செதிலை வரிசையாக அடுக்கியதுபோல் இருந்தது. பெயின்ற் அடித்த பிறகு அது தெரியாமல் போனதில் எனக்குச் சற்று வருத்தம்கூட உண்டு.

சோதனையை என் கண்முன்னே செய்தார். ஹெட் உட்காரும் முகத்தின்மேல் றப்பர் விரிப்பும் தடித்த இரும்புத் தகடும் வைத்து ஸ்டட்டுகளால் இறுக்கி, தண்ணீர்ப் பம்பு இருக்கும் வாயையும் அடைத்து, உள்ளே கைபொறுக்காத சூட்டில் தண்ணீர் நிரப்பி, முப்பது இறாத்தல் காற்றுக் கொடுத்தார். இந்தக் கார் ஓடும்போது தண்ணீர்ப் பாதையில் பத்து இறாத்தல் அழுத்தமும் வராது. பத்தொன்பதாவது திருகின் ஓரத்தில் குண்டூசித் தலையளவு ஒரு முத்து கட்டியது. துடைத்தார், மீண்டும் கட்டியது. காற்றை இறக்கி, அந்தத் திருகையும் இருபுறத்துத் திருகுகளையும் மறுபடி தட்டி, மறுபடி காற்றுக் கொடுத்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டார். அதன்பின் எதுவும் கசியவில்லை. அடைப்பு மருந்து ஏதாவது ஊற்றலாமா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரம் எடுத்தது. நான் புளொக்கைக் கொண்டுபோனது பெப்ரவரித் தொடக்கத்தில். பெரும்போக அறுவடை நடக்கும் அந்தக் காலத்தில் வட்டையில் நின்றுபோன உழவு இயந்திரங்களே அவருக்கு முதலில் வரும். அது நியாயம்தான், ஒரு விவசாயியின் நெல் மழைக்கு முன் வீடு சேர வேண்டும். ஆனாலும் அதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் நான்கு தடவை மட்டக்களப்பிலிருந்து வீணாகப் போய்வந்திருக்க மாட்டேன். தொலைபேசியை எடுப்பது அரிது. பற்றுச்சீட்டு இல்லை, பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கணக்கு எழுதித் தந்தார். எல்லாவற்றிலும் முக்கியமானது, தைத்த பிறகு தண்ணீர்ப் பாதைக்குள் விழுந்த இரும்புத் தூளை அவர்கள் முழுமையாகக் கழுவவில்லை. வீட்டில் வெல்ஷ் பிளக்குகளைப் புதிதாக அடிப்பதற்கு முன் நான் காந்தத்தைக் கம்பியில் கட்டி விட்டுப் பார்த்தபோது ஒரு தேநீர்க் கரண்டி அளவு தூள் வந்தது. எண்ணெய்ப் பாதைகளையும் மண்ணெண்ணெயும் காற்றும் செலுத்தி நானே சுத்தம் செய்தேன். ஒரு துணுக்கு பெயாரிங்குக்குள் போயிருந்தால் தைத்ததன் பலன் முழுவதும் போயிருக்கும். இதை அவரிடம் சொன்னேன், மறுக்கவில்லை. இனி மேல் புளொக் எடுக்க வருகிறவர்களிடம் கழுவச் சொல்லித் தருவதாகச் சொன்னார். கழுவும் வேலையும் பட்டறையின் வேலையாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

செலவு: தைத்ததற்கு நாற்பத்திரண்டாயிரம் ரூபா, பழைய ஒட்டை அகற்றியதற்கு எட்டாயிரம், சோதனைக்கு மூவாயிரம், ஹெட் முகத்தைக் கடைந்ததற்கு ஆறாயிரம். எல்லாமாக ஐம்பத்தொன்பதாயிரம். முன்பு போத்தலுக்கும் வெல்டிங்கிற்கும் பாழான றேடியேற்றருக்கும் நான் கொடுத்தது இதைவிட அதிகம்.

மார்ச் கடைசியில் எஞ்சினைப் பூட்டினோம். ஹெட் நட்டுகள் ஒன்பதையும் நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், முறுக்கை அளந்து இறுக்கும் டோர்க் சாவியால், கைநூலில் சொன்ன 40 இறாத்தல் அடிக்கு இறுக்கினேன். இதையும் பலர் கைக்கணக்கில் செய்து புளொக்கின் மேல்முகத்தில் வெடிப்பை வரவழைக்கிறார்கள். இப்போது றேடியேற்றருக்கு உவர்நீர் கிட்டப் போவதில்லை. வடித்த தண்ணீரும் துருவைத் தடுக்கும் கூலன்டும் கலந்த ஐந்தரை லீற்றரே அதன் கொள்ளளவு. இரண்டு ஆண்டுக்கொரு தடவை அதை மாற்றும் செலவு, தைத்த செலவில் ஒரு சிறு பங்குதான். டாஷ்போட்டின் கீழே ஒரு வெப்பமானியும் பூட்டியிருக்கிறேன். பழைமை கெட்டுவிட்டது என்று ஒரு நண்பர் கோபித்தார், ஆனால் அந்த முள் இருந்திருந்தால் ஓந்தாச்சிமடத்தில் நான் பத்து நிமிடம் முன்பே காரை நிறுத்தியிருப்பேன். இந்த ஐந்து மாதங்களில் இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. ஆனி மாதம் பொத்துவில் வரை, நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரத்தை, நிறுத்தாமல் போனேன். முள் 85 பாகையைத் தாண்டவில்லை. தைத்த இடத்தில் பெயின்ற் அடித்தபடியே, கறையில்லாமல் இருக்கிறது.

நான் அங்கே இருந்தபோது அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் ஒஸ்டின் ஏ40 புளொக்கொன்றைக் கொண்டுவந்தார். அதில் வெடிப்பு தண்ணீர்ச் சுவரில் இல்லை. கிராங் தண்டு சுழலும் நடுப் பெயாரிங் உட்காரும் பாலத்தில் இருந்தது. காக்கா அதைச் சோக்குப் பொடி போட்டுக் காட்டி, “இதுல நான் கை வெச்சா காசு வாங்கலாம், எஞ்சின் ஓடா” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். சோதித்ததற்குக்கூடக் காசு வாங்கவில்லை. வந்தவர் மனமுடைந்து போனாலும், அந்தப் புளொக்கில் கொட்ட இருந்த பணம் அவர் கையிலேயே மிஞ்சியது. தண்ணீர்ச் சுவரின் வெளிப்பக்கத்து வெடிப்பு என்றால் தயங்காமல் இங்கே கொண்டுபோகலாம். சிலிண்டரின் உட்சுவரில் வெடிப்பு என்றால் அங்கே ஸ்லீவ் என்னும் உட்குழாய் போட வேண்டியிருக்கும், அதற்கு அவரே வேறு இடம் சொல்லுகிறார்.

போகிறவர்கள் அறுவடைக் காலத்தைத் தவிர்த்து, ஜூனிலோ, பெரும்போக விதைப்பு முடிந்த நவம்பர் கடைசியிலோ போவது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகலில் பட்டறை ஜும்ஆவுக்காக மூடியிருக்கும். புளொக்கை முழுவதும் கழற்றி, வெல்ஷ் பிளக்குகளையும் எடுத்து, எண்ணெய் போகக் கழுவிக் கொண்டுபோனால் ஒரு வாரம் மிச்சமாகும். அதற்கு முன் யாரையும் அதில் வெல்டிங் வைக்க விட வேண்டாம். காற்றுச் சோதனையைத் தாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கும் நாளில் செய்யும்படி கேளுங்கள், மறுக்க மாட்டார். திரும்பும்போது ஒரு காந்தமும் ஒரு நீளக் கம்பியும் வாங்கிக்கொள்ளுங்கள்.